தேடல் பெட்டிக்குப் பின்னாடி இருந்த ஆட்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு சின்ன வேலை கொடுத்து ஆரம்பிக்கிறேன். போனை எடுத்து ‘ஔவையார்’னு டைப் பண்ணுங்க. அடுத்த வரியில ‘ஒளவையார்’னு டைப் பண்ணுங்க. முதலாவதுல இருக்கிறது ஔ என்ற ஒரே உயிரெழுத்து. ரெண்டாவதுல ஒ, பக்கத்துல ள, ரெண்டு தனி எழுத்து. நிறைய ஃபான்ட்ல ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. நாமளும் நிறுத்தாம படிச்சிட்டுப் போயிடுவோம். ஆனா கம்ப்யூட்டருக்கு இவங்க ரெண்டு பேரும் வேற வேற பாட்டி. ஒருத்தரைத் தேடினா இன்னொருத்தர் வர மாட்டார்.

அப்படின்னா தப்பா டைப் பண்ணவருக்கும் சரியான பக்கம் எப்படிக் கிடைக்குது? ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, தேடல் மென்பொருள் புத்திசாலியா இருக்கணும். இல்லைன்னா, யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, ‘ஒளவையார்னு வந்தா ஔவையார் பக்கத்துக்கு அனுப்பு’ன்னு ஒரு பக்கம் போட்டு வச்சிருக்கணும். தமிழ் விக்கிப்பீடியாவில இதுக்குப் பேர் வழிமாற்று.

இன்னைக்குச் சொல்லப் போறது விக்கிகளோட தேடல் பெட்டியின் கதை. டெக் கதைன்னா யாரோ ஒரு ஜீனியஸ் அல்காரிதம் எழுதினான், எல்லாம் மாறிடுச்சுன்னு தான் வழக்கமா சொல்லுவாங்க. இந்தக் கதை அப்படிப் போகல. இதுல முக்கால்வாசி வேலையை, சம்பளம் வாங்காத ஆட்கள் கையால செஞ்சிருக்காங்க.

முதல் விக்கி 1995 மார்ச் 25 அன்னைக்கு வந்துச்சு. வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க புரோகிராமர், மற்ற புரோகிராமர்கள் தங்களோட அனுபவத்தை எழுதி வைக்கிறதுக்காக ஒரு தளம் பண்ணார். ஹொனலூலு விமான நிலையத்துல ஓடுற ‘விக்கி விக்கி’ ஷட்டில் பஸ் தான் பேருக்குக் காரணம். ஹவாய் மொழியில விக்கின்னா சீக்கிரம்.

அந்தத் தளத்துல ஒரு விசித்திரமான வசதி இருந்துச்சு. ஒரு பக்கத்தோட தலைப்பை கிளிக் பண்ணினா, அந்தத் தலைப்பு வேற எந்தெந்தப் பக்கத்துல வருதுன்னு ஒரு தேடல் ஓடும். அவ்வளவு தான். ஆனா பயன்படுத்தினவங்க இதை எடுத்து வேற ஒண்ணு பண்ணாங்க. ஒரே வகைப் பக்கங்களோட அடியில ‘வகை இன்னது’ன்னு ஒரு சொல்லை எழுதி வச்சாங்க. அந்தச் சொல்லுக்கு ஒரு தனிப் பக்கம். அந்தப் பக்கத்தோட தலைப்பை கிளிக் பண்ணினா, அந்த வகையில இருக்கிற எல்லாப் பக்கமும் பட்டியலா வந்து நிக்கும். நூலகத்துல இருக்கிற பகுப்பு முறையை, யாரும் புதுசா ஒரு வரி கோட் எழுதாம, தேடலை வச்சே கட்டிட்டாங்க. எனக்கு இந்த மொத்தக் கதையிலயும் ரொம்பப் பிடிச்ச இடம் இது தான். தேடல் என்பது சாமானைத் தேடி எடுக்கிறதுக்கு மட்டும் இல்ல, சாமானை அடுக்கி வைக்கிறதுக்கும் உதவும்னு அவங்க கண்டுபிடிச்சாங்க.

2001 ஜனவரி 15 அன்னைக்கு விக்கிப்பீடியா ஆரம்பிச்சப்போ, அது யூஸ்மாட்விக்கி என்ற பெர்ல் மென்பொருள்ல ஓடுச்சு. ஒவ்வொரு பக்கமும் ஒரு ஃபைல். நீங்க ஒரு சொல்லைத் தேடினா, மென்பொருள் ஒவ்வொரு ஃபைலா திறந்து, முதல் எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரை படிக்கும். ஐம்பது பக்கம் இருந்தா பிரச்சினை இல்ல. ஒரு வருஷத்துல ஆங்கில விக்கிப்பீடியா கிட்டத்தட்ட 20,000 கட்டுரைக்கு வந்துடுச்சு. இதை இப்படி யோசிங்க: சரவணா ஸ்டோர்ஸ்ல போய் ஒரு கரண்டி கேக்குறீங்க, கடைக்காரர் தரைத்தளத்துல இருந்து ஒவ்வொரு அலமாரியா திறந்து பார்த்துக்கிட்டே மேல ஏறுறார். உங்களுக்குப் பின்னாடி இன்னும் நூறு பேர் ஆளுக்கொரு சாமான் கேட்டு நிக்கிறாங்க.

ஜெர்மனியில, கொலோன் பல்கலைக்கழகத்துல உயிரியல் படிச்சுக்கிட்டிருந்த மாக்னஸ் மான்ஸ்கே, பிஎச்பி-யில புதுசா ஒரு மென்பொருள் எழுதினார். 2002 ஜனவரி 25-ல விக்கிப்பீடியா அதுக்கு மாறுச்சு. இப்போ பக்கங்கள் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ்ல. அந்த டேட்டாபேஸுக்குன்னு சொந்தமா ஒரு தேடல் வசதி இருந்துச்சு: எல்லாப் பக்கத்துலயும் இருக்கிற சொற்களை முன்கூட்டியே எடுத்து, புத்தகத்துக்குப் பின்னாடி போடுற சொல்லடைவு மாதிரி ஒரு பட்டியல் வச்சுக்கும். கேட்டதும் பட்டியலை மட்டும் பார்த்தா போதும்.

வேகம் வந்துச்சு. கூடவே வினோதங்களும் வந்துச்சு. மைஎஸ்க்யூஎல் வழக்கமான அமைப்புல நாலு எழுத்துக்குக் குறைவான சொற்களைப் பட்டியல்லயே சேர்க்காது. ஆங்கிலத்துல சூரியன், போர் எல்லாம் மூணெழுத்துச் சொற்கள். டிஎன்ஏவும் மூணெழுத்து. கலைக்களஞ்சியத்துல டிஎன்ஏ கிடைக்கலைன்னா எப்படி? அதுக்கு மேல, ரொம்பச் சாதாரணமான சொற்கள்னு ஒரு விலக்குப் பட்டியல் வேற. ‘தி’, ‘ஹூ’ ரெண்டும் அதுல உண்டு. ‘தி ஹூ’ன்னு ஒரு பெரிய பிரிட்டிஷ் ராக் பேண்ட் இருக்கே, அதோட பேர்ல இருக்கிற ரெண்டு சொல்லும் இந்தத் தேடலுக்குக் காதுல விழாது!

விக்கி மென்பொருளை எழுதினவங்க இதுக்கெல்லாம் ஒட்டு வேலை பண்ணாங்க. குட்டிச் சொற்களோட வால்ல சில போலி எழுத்துக்களை ஒட்டி, நாலெழுத்துக்கு மேல நீளமாக்கி டேட்டாபேஸை ஏமாத்தினாங்க. நம்ம மாதிரி மொழிகளுக்கு இன்னொரு ஒட்டு. அந்த டேட்டாபேஸ் தேடலுக்கு யூனிகோட் எழுத்து புரியாது. அதனால ஒவ்வொரு எழுத்தையும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த எட்டுக் குறிகளா மாத்தி உள்ளே அனுப்பினாங்க. ‘அ’ என்ற ஒரு எழுத்துக்கு எட்டுக் குறி. ‘அம்மா’ல அ, ம, புள்ளி, ம, கால்னு அஞ்சு குறியீடு; மொத்தம் நாற்பது. இவ்வளவு தூரம் மாறுவேஷம் போட்டுத்தான் ‘அம்மா’ உள்ளே போய் உட்கார்ந்தாங்க.

இந்த ஒட்டு வேலை ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய தலைவலி கூட்டம். 2003, 2004 வாக்குல விக்கிப்பீடியா வளர்ந்த வேகத்துக்கு சர்வர் வாங்கப் பணம் இல்ல. தேடல் தான் டேட்டாபேஸை அதிகமா மூச்சு வாங்க வைக்கும். நெருக்கடி வந்தா முதல்ல அணைக்கிறது அதைத்தான். இப்போதைக்குத் தேடல் இல்ல, கூகுள்ல தேடிக்கோங்கன்னு ஒரு அறிவிப்பு வரும். அங்க இருக்கிற நகல் பழசா இருக்கலாம்னு ஒரு எச்சரிக்கையும் கூடவே வரும். ஒரு கலைக்களஞ்சியம் தன்னோட வாசலுக்கு வந்தவங்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி, அங்க போய் என்னைப் பத்திக் கேளுங்கன்னு சொல்ற நிலைமை.

இந்தக் காலம் முழுக்க மனுஷங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்கன்னு தான் நாம பார்க்கணும். அவங்க வழிமாற்று போட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்போ தேடல் பெட்டிக்குக் கீழ ரெண்டு பொத்தான் இருக்கும். ஒண்ணு ‘செல்’, ஒண்ணு ‘தேடு’. ‘செல்’ அமுக்கினா அதே தலைப்புல பக்கம் இருக்கான்னு மட்டும் பார்த்து நேரா கூட்டிட்டுப் போகும். சர்வருக்குச் சுமையே இல்ல. ஆக, ஜனங்க எப்படியெல்லாம் ஒரு பேரை எழுதுவாங்களோ, எப்படியெல்லாம் பிழை விடுவாங்களோ, அத்தனைக்கும் ஒரு வழிமாற்று இருந்தா, தேடலே தேவைப்படாது. பழைய பேர், பட்டப் பேர், சுருக்கப் பேர், எழுத்துப் பிழை, எல்லாத்துக்கும் போட்டாங்க. எழுத்துப் பிழைக்காகப் போட்ட வழிமாற்றுக்குன்னு தனிப் பகுப்பே வச்சாங்க. இன்னைக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில கட்டுரைகளை விட வழிமாற்றுகள் தான் அதிகம். யாரும் படிக்கிறதுக்காக எழுதாத பல லட்சம் பக்கங்கள்!

அடுத்த கட்டம் லூசீன். டக் கட்டிங் 1999-ல வெளியிட்ட தேடல் நிரல்தொகுப்பு இது. 2005 முதல் விக்கிப்பீடியா தேடலை டேட்டாபேஸ்ல இருந்து பிரிச்சு, லூசீன் ஓடுற தனி சர்வர்களுக்கு மாத்தினாங்க. ராபர்ட் ஸ்டோஜ்னிச் என்ற டெவலப்பர் அதைத் திரும்ப எழுதி, ‘நீங்கள் தேடியது இதுவா?’ன்னு கேக்குற வசதி வரைக்கும் கொண்டுவந்தார். குறை ஒண்ணு இருந்துச்சு: சொல்லடைவை நாளுக்கு ஒரு தடவை தான் புதுப்பிச்சாங்க. காலையில நீங்க ஒரு கட்டுரை எழுதினா, சாயங்காலம் வேற ஒருத்தர் தேடும்போது அது இருக்காது. இல்லைன்னு நினைச்சு அவரும் அதே கட்டுரையை இன்னொரு எழுத்துக்கூட்டல்ல எழுத ஆரம்பிப்பார். அப்புறம் ரெண்டையும் இணைக்கிறதுக்கு மூணாவதா ஒருத்தர். தேடல் சரியில்லாத விக்கியில தன்னார்வலர் உழைப்பு இப்படித்தான் வீணாகும். இதைப் பத்தி யாரும் அதிகம் பேசுறதில்ல.

2013-ல விக்கிமீடியா அறக்கட்டளையில நிக் எவரெட், சாட் ஹொரோஹோ ரெண்டு பேரும் எலாஸ்டிக்சர்ச்சை வச்சு சிர்ரஸ்சர்ச் எழுத ஆரம்பிச்சாங்க. 2014 முடியறதுக்குள்ள எல்லா விக்கியும் அதுக்கு மாறிடுச்சு. எலாஸ்டிக்சர்ச்சோட பூர்வீகம் ஒரு சமையல் குறிப்பு ஆப். ஷே பேனன் என்ற இஸ்ரேலிய புரோகிராமர், லண்டன்ல சமையல் படிச்சுக்கிட்டிருந்த தன் மனைவிக்கு அவங்க சமையல் குறிப்புகளைத் தேட ஒரு ஆப் செய்யப் போனார். அதுல ஆரம்பிச்சது தான் 2010-ல எலாஸ்டிக்சர்ச்சா வெளிவந்துச்சு. மனைவி அந்த ஆப்புக்காக இன்னும் காத்திருக்காங்கன்னு அந்த வட்டாரத்துல ஒரு ஜோக் உண்டு.

சிர்ரஸ்சர்ச் வந்ததும் புதுக் கட்டுரை சில நிமிஷத்துலயே தேடல்ல வர ஆரம்பிச்சுது. வார்ப்புருக்கள் வழியா பக்கத்துக்குள்ள வர்ற எழுத்தும் தேடலுக்குள்ள வந்துச்சு. சந்தோஷமா இங்கேயே முடிச்சிடலாம். ஆனா அடுத்த வருஷம் தான் பெரிய சண்டை.

அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். 2008 ஜனவரியில ஜிம்மி வேல்ஸ் தன்னோட வணிக நிறுவனமான விக்கியா மூலமா, ஒரு பொதுத் தேடுபொறி ஆரம்பிச்சார். தேடி வர்ற முடிவுகளை மக்களே மதிப்பிட்டுத் திருத்தலாம், கூகுள் மாதிரி மூடின பெட்டியா இருக்காதுன்னு சொன்னாங்க. 2009-லயே மூடிட்டாங்க. வழிமாற்று போட ஆள் கிடைச்சாங்க, ஆனா உலகத்தோட மொத்த இணையத்தையும் கையால வரிசைப்படுத்த ஆள் கிடைக்கல. என் பார்வையில காரணம் எளிது. விக்கியில வழிமாற்று போடுறவர், தான் எழுதின கட்டுரையை யாராவது படிக்கணும்னு போடுறார். ஊர் பேர் தெரியாத வெப்சைட்டுக்கு அந்த அக்கறை எங்க இருந்து வரும்?

2015-ல விக்கிமீடியா அறக்கட்டளை தேடலுக்குன்னு ‘டிஸ்கவரி’ன்னு ஒரு பெரிய பிரிவு அமைச்சுது. நைட் அறக்கட்டளை கிட்ட இருந்து 2,50,000 டாலர் மானியம் வாங்கினாங்க. வேலைக்குப் பேர் ‘நாலெட்ஜ் இன்ஜின்’. இது நம்ம விக்கிகளுக்குள்ள தேடுறதுக்கா, இல்ல கூகுளுக்குப் போட்டியான பொதுத் தேடுபொறியான்னு கேள்வி வந்துச்சு. நிர்வாகம் முதல் விஷயம் தான்னு சொல்லுச்சு. 2016 பிப்ரவரியில மானிய ஒப்பந்தம் வெளியே வந்தப்போ, அதுல இருந்த வாசகங்கள் ரொம்பப் பெருசா இருந்துச்சு. இணையத்துல நம்பகமான தகவலைக் கண்டுபிடிக்கிற ஒரு பொது அமைப்பு என்ற தொனி. தொகுக்கிறவங்க கொதிச்சாங்க, ஊழியர்கள் வெளிப்படையா பேசினாங்க. நிர்வாகத்து மேல ஏற்கெனவே பல அதிருப்தி இருந்துச்சு. இது மட்டும் தான் காரணம்னு சொல்லிட முடியாது. ஆனா அந்த மாசக் கடைசியில செயல் இயக்குநர் லைலா ட்ரெட்டிகோவ் ராஜினாமாவை அறிவிச்சார்.

ஒரு தேடல் பெட்டிக்காகத் தலைமையே மாறுச்சான்னு கேக்கலாம். அவங்க எதிர்த்தது தேடல் நல்லா ஆகுறதை இல்ல. பதினைஞ்சு வருஷமா வழிமாற்று, இணைப்பு, பகுப்புன்னு கையால தேடலைக் கட்டினவங்க கிட்ட, தேடல் இனிமே என்னவா இருக்கப் போகுதுன்னு யாரும் ஒரு வார்த்தை கேக்கல. வீட்டைக் கட்டின கொத்தனாரை வெளியே நிறுத்திட்டு கிரகப்பிரவேசம் பண்ண மாதிரி.

இதுல ஒரு முரண் இருக்கு. அதே டிஸ்கவரி பிரிவுல இருந்த பொறியாளர்கள் சத்தமே இல்லாம நல்ல வேலை பண்ணிக்கிட்டு இருந்தாங்க. ‘எத்தனை தேடலுக்கு ஒரு முடிவு கூட வரல’ன்னு எண்ணி, அந்த எண்ணைக் குறைக்கிறதை இலக்கா வச்சாங்க. 2016 மார்ச்ல, டைப் பண்ணும்போதே ஒண்ணு ரெண்டு எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கிட்டு தலைப்பைக் காட்டுற வசதியைக் கொண்டுவந்தாங்க. அந்த வசதி எதை வச்சு வேலை செய்யுது? தலைப்புகளையும் வழிமாற்றுகளையும் வச்சு. எந்தத் தலைப்பை மேல காட்டணும்னு எதை வச்சு முடிவு பண்ணுது? அந்தப் பக்கத்துக்கு வேற எத்தனை பக்கத்துல இருந்து இணைப்பு வருது, எவ்வளவு பெருசு, எத்தனை வழிமாற்று இருக்குன்னு பார்த்து. எல்லாமே யாரோ போட்டு வச்சது. அடுத்த வருஷம், எந்த முடிவை ஜனங்க கிளிக் பண்றாங்கன்னு பார்த்துக் கத்துக்குற மெஷின் லேர்னிங் வரிசைப்படுத்தல் வந்துச்சு. அதுக்கு ஏகப்பட்ட கிளிக் வேணும். அதனால பெரிய மொழிகளுக்குத் தான் முதல்ல போச்சு.

அப்போ தமிழ்? தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. 2017-ல ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டுச்சு. ஆனா தமிழ்ல தேடுறது வேற ரகக் கஷ்டம்.

‘மரம்’னு தேடுறீங்க. கட்டுரையில ‘மரத்தில்’, ‘மரங்களை’, ‘மரத்திலிருந்து’ன்னு இருக்கு. வேற்றுமை உருபு ஒட்டும்போது சொல்லோட உருவமே மாறிடுது. ‘சென்னை’க்கு இந்தப் பிரச்சினை கொஞ்சம் குறைவு, கடைசியில ஒரு நட்சத்திரக் குறி போட்டுத் தேடினா சென்னையில், சென்னைக்கு எல்லாம் வந்துடும். மரத்துக்கு அந்த வித்தை பண்ணப் போய் ‘மர’ போட்டு நட்சத்திரம் வச்சீங்கன்னா, மரபும் வரும், மரணமும் வரும். சொல்லோட வாலை வெட்டி வேரைக் கண்டுபிடிக்கிற அல்காரிதத்தை ஆங்கிலத்துக்கு மார்ட்டின் போர்ட்டர் 1980-ல வெளியிட்டார். அவர் ஆரம்பிச்ச ஸ்னோபால் தொகுப்புல தமிழுக்கான அல்காரிதம் சேர்ந்தது 2019-ல. முப்பத்தொன்பது வருஷ இடைவெளி.

எழுத்தை எழுத்தா எண்ணுறதுலயே சிக்கல் உண்டு. புரோகிராமிங் படிக்கிறவங்க இதை இன்னைக்கே சோதிச்சுப் பாருங்க. பைத்தானோட வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷன் கிட்ட ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்து, சொற்களைப் பிரிச்சுத் தான்னு கேளுங்க. ‘தம’ ஒரு சொல், ‘ழ’ ஒரு சொல்னு கொடுக்கும். இகரக் கொம்பும் புள்ளியும் அதுக்கு எழுத்து இல்ல. கால்புள்ளி, அரைப்புள்ளி மாதிரி ஒதுக்கிடும். ‘ஸ்ரீ’ இன்னொரு கேஸ். யூனிகோட்ல 2005-ல ‘ஶ’ சேர்ந்த பிறகு, இந்த ஒரே உருவத்தை ரெண்டு விதமா எழுத முடியுது. திரையில அச்சு அசலா ஒண்ணு, உள்ளே வேற. ஸ்ரீரங்கத்துக்கு ரெண்டு வாசல், ஒண்ணுல நுழைஞ்சவருக்கு இன்னொண்ணுல இருக்கிறவர் தெரியமாட்டார்.

இதுக்கு மேல நம்ம ஊர் விவாதம். நீங்க ‘ரஷ்யா’ன்னு தேடுவீங்க, தமிழ் விக்கிப்பீடியாவில கட்டுரைத் தலைப்பு ‘உருசியா’. இலங்கையில ‘யப்பான்’னு எழுதுவாங்க, சென்னையில ‘ஜப்பான்’, கிரந்தம் வேண்டாம்னு சொல்றவர் ‘சப்பான்’. எது சரின்னு வருஷக்கணக்கா சண்டை போட்டிருக்காங்க. தலைப்பு ஒண்ணு தான் இருக்க முடியும். தோத்துப்போன எழுத்துக்கூட்டல்கள் எல்லாம் வழிமாற்றா உள்ள வரும். ஒரு விதத்துல அழகான சமரசம் அது. யார் எழுத்துக்கூட்டல் ஜெயிச்சாலும், தோத்தவரோட வாசகரும் அதே பக்கத்துக்குத் தான் வந்து சேருவார். ஆனா அந்த வழிமாற்றை ஒருத்தர் போட்டா தான்.

கடைசியா ஒரு விக்கி. நூலகம்னு ஒரு தளம், 2005-ல ஆரம்பிச்ச ஈழத்துத் தமிழ் மின்னூலகம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ல எரிக்கப்பட்டு, 97,000-க்குப் பக்கத்துல நூல்கள் சாம்பலான ஊர்ல இருந்து வந்தவங்களுக்கு, ஆவணத்தை ஸ்கேன் பண்ணி வைக்கிறதுன்னா என்னன்னு நாம சொல்லித் தர வேண்டியதில்ல. அந்தத் தளம் ஓடுறதும் விக்கிப்பீடியாவோட அதே மீடியாவிக்கி மென்பொருள்ல தான். ஸ்கேன் பண்ண பக்கம்னா அது படம். படத்துக்குள்ள இருக்கிற எழுத்து தேடல் பெட்டிக்குத் தெரியாது. அதனால அங்க என்ன பண்ணியிருக்காங்கன்னா, ஒரு பழைய சஞ்சிகையோட இதழை ஏத்தும்போது, உள்ளடக்கத்தையும் வரி வரியா டைப் பண்ணிப் போட்டிருக்காங்க. கதைத் தலைப்பு, எழுதினவர் பேர், கட்டுரைத் தலைப்பு, கவிதைத் தலைப்பு. பழைய சஞ்சிகையில ஒரே ஒரு கதை எழுதி, அதுக்கப்புறம் எழுதாமலே போன ஒருத்தரோட பேரை அவரோட பேத்தி டொரொண்டோவுல உட்கார்ந்து தேடினா, அந்தப் பேரை ஒருத்தர் டைப் பண்ணி வச்சிருந்தா கிடைக்கும்.

நேரம் இருந்தா அந்தத் தளத்துல ஏதாவது ஒரு இதழோட உள்ளடக்கப் பக்கத்தைத் திறந்து, ‘வரலாறு’ தாவலை அமுக்கிப் பாருங்க. யார், எந்தத் தேதியில, எத்தனை மணிக்கு அதை டைப் பண்ணாங்கன்னு இருக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.